பனிக்கோளில் செத்த வான்மதி குகையில் எழுந்த கதை

1

சனிக்கிழமை சாயங்காலம் மகளைக் குளிப்பாட்டுவதற்காக வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, துண்டு எடுக்கத் திரும்பினேன். பின்னாலிருந்து "ஏட்டி வான்மதி" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

என் பெயர் வான்மதி இல்லை. அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். என் அக்காவின் கணவர், காசி அத்தான். ஒரு சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவிக்குக் குளிக்கப் போனவர் திரும்பி வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

குழாயை மூடினேன். சத்தம் நின்றது. மறுபடி திறந்தேன். வெறும் தண்ணீர்தான் விழுந்தது. தொட்டிக்குள் உட்கார்ந்திருந்த குழலி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாட் இஸ் இட், அம்மா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லி அவள் தலையில் சீயக்காயை அப்பினேன். பாதி அவள் கண்ணில் போய்விட்டது.

இவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சொன்னேன். இவர் டாக்டர். வட இங்கிலாந்தில் இந்த நூல் மில் ஊருக்கு இவருடைய வேலைக்காகத்தான் வந்து சேர்ந்தோம். எதற்கும் ஒரு காரணம் கையில் வைத்திருப்பார். பழைய வீட்டுக் குழாய், உள்ளே காற்று அடைத்துக்கொண்டால் அப்படித்தான் முனகும் என்றார். முனகல் வேறு, பெயர் வேறு என்றேன். நீ படிக்கிற புத்தகம் அப்படி என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நான் படிக்கிற புத்தகங்களில் ராக்கெட் வரும், மூன்று கண்ணுள்ள மனிதர்கள் வருவார்கள். குழாய்க்குள்ளிருந்து கூப்பிடும் அத்தான் இதுவரை வந்ததில்லை.

குற்றாலத்தில் குளித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பேரருவிக்கு அடியில் தலையைக் கொடுத்து நின்றால் முதலில் இடி இடிக்கிற மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து யாரோ நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்கும். எல்லோருக்கும் கேட்கும், அவரவர் பெயர்தான் கேட்கும். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சின்ன வயதிலேயே சொல்லி வைப்பார்கள். நாங்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை பெரியப்பாவிடமிருந்து விமானத் தபால் வந்தது. எங்கள் அப்பா இறந்த பிறகு குடும்பத்துக்கு மூத்தவர் அவர். தண்ணீரில் போய் உடம்பு கிடைக்காதவருக்கு ஒரு மாமாங்கம், அதாவது பன்னிரண்டு வருஷம், காத்திருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்குப் பிறகு நாணற்புல்லில் ஓர் உருவம் செய்து, அதற்குத் தீ வைத்துக் காரியம் முடிப்பார்கள். அத்தானுக்கு மாமாங்கம் முடிந்துவிட்டது, உன் அக்கா உலகம்மை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள், நீ எழுதினால் கேட்பாள், நீதானே அவளுக்குச் சரிக்குச் சரி கதைப் புத்தகம் வாசிக்கிறவள் என்று எழுதியிருந்தார்.

எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. அக்காவின் தாலியைக் கழற்றச் சொல்வதற்கு ஊரில் இத்தனை பேர் இருக்க, கடல் கடந்து என்னைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

2

கதைப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

தென்காசியில் பெரியப்பா வீட்டு மாடியில் அக்காவும் அத்தானும் குடியிருந்தார்கள், நானும் அவர்களோடு இருந்தேன். ஜன்னலைத் திறந்தால் கோயிலின் மொட்டைக் கோபுரம் தெரியும். இரண்டாகப் பிளந்து, நடுவே வானம் தெரிகிற கோபுரம். அத்தானுக்குச் செங்கோட்டையில் மரக்கிடங்கில் வேலை. ரயிலில் போய் ரயிலில் வருவார். அங்கே பழகிய மலையாளம் பேச்சில் ஒட்டிக்கொண்டு வரும், "எந்தா விசேஷம்" என்று கேட்டுக்கொண்டேதான் படியேறுவார். வெள்ளிக்கிழமைகளில் கையில் வாரப் பத்திரிகை இருக்கும்.

அப்போது அந்தப் பத்திரிகையில் இரண்டு தொடர்கதைகள் வந்துகொண்டிருந்தன. ஒன்று 'பனிக்கோள் யாத்திரை'. விஞ்ஞானக் கதை என்று தலைப்பின் கீழே போட்டிருப்பார்கள். மற்றது 'ஏழு குகை இளவரசி'. அது மந்திரவாதி, பேசும் கிளி, பாதாள வழி என்று போகும். இரண்டிலும் கதாநாயகியின் பெயர் வான்மதி. எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒருவர் எழுதுவதை மற்றவர் படிப்பதில்லை போலும். இரண்டுக்கும் படம் போட்டவர் ஒரே ஓவியர், ஆகவே இரண்டு வான்மதிக்கும் ஒரே மூக்கு. அந்த நீள மூக்கு என் மூக்கைப் போலவே இருப்பதாக அத்தான் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து நான் அவருக்கு வான்மதி ஆனேன்.

பனிக்கோளில் மூச்சு விடக் காற்று உண்டா என்று அந்த எழுத்தாளர் ஒரு வாரமும் கவலைப்பட்டதில்லை. வான்மதி பட்டுப்புடவை கட்டிக்கொண்டுதான் ராக்கெட்டில் ஏறினாள். அத்தான் சத்தமாக வாசிப்பார், அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள், நான் படத்தைப் பார்ப்பேன். அத்தனை பேரும் ராக்கெட்டில் போனால் அங்கே யார் சோறு பொங்குவது என்பதுதான் அக்காவின் கவலை. மாத்திரை சாப்பிடுவார்கள் என்று அத்தான் விளக்கினார். மாத்திரையைத் தின்று உயிரோடு இருப்பதற்கு அவ்வளவு தூரம் எதற்குப் போக வேண்டும் என்று அக்கா கேட்டாள். விஞ்ஞானக் கதைகளைப் பற்றி அதைவிடச் சரியான கேள்வியை நான் இன்றுவரை எந்த விமரிசகரிடமிருந்தும் கேட்டதில்லை.

வாசித்து முடிந்ததும் அத்தான் அந்தப் பக்கங்களை மட்டும் பக்குவமாகக் கிழித்து, டிரங்குப் பெட்டியில் இரண்டு கட்டாக அடுக்குவார். கதை முடிந்ததும் பைண்டு பண்ணுவதாக ஏற்பாடு. ஊரில் அநேகம் வீடுகளில் அப்படித்தான் புத்தகம் சேரும்.

ஒரு வெள்ளிக்கிழமை பனிக்கோளில் பனி வெடித்தது. வான்மதி உள்ளே விழுந்தாள். கண்கள் மூடின, உதடுகள் நீலமாயின, தொடரும் என்று போட்டுவிட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தான் சிரித்தார்.

"செத்திருக்க மாட்டாட்டி. அடுத்த வாரம் எந்திரிச்சிருவா, பாத்துக்கோ."

"எப்படி எந்திரிப்பா?" என்று அக்கா கேட்டாள்.

"அது எழுதுதவன் பாடு. அவ எந்திரிக்கலைன்னா நான் மீசைய எடுத்துருதேன்."

அத்தானின் மீசை அடர்த்தியானது. அதில் அவருக்கு மிகுந்த பெருமை.

3

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் துண்டும் எண்ணெய்க் கிண்ணமுமாக அவர் குற்றாலத்துக்குப் போனார். சாரல் காலத்தில் அது வழக்கம்தான். கீழே வெறும் தூறல். மேலே மலையில் பெருமழை பெய்திருக்கிறது. அது அருவிக்கு வந்து சேரும்வரை கீழே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. தண்ணீர் நிறம் மாறியதும் எல்லோரும் கத்திக்கொண்டு வெளியே ஓடியிருக்கிறார்கள். அத்தான் வரவில்லை. பாறையில் அவருடைய வேட்டி மடித்தபடி இருந்தது, அதன்மேல் கைக்கடிகாரம், பக்கத்தில் செருப்பு.

அவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட ஆள் கடைசியாக அவரைப் பார்த்தவர். போலீசுக்கும் அதையே சொன்னார், எங்கள் வீட்டு வாசலில் நின்றும் அதையே சொன்னார்.

"எல்லாரும் ஓடுதாங்க. இவரும் ரெண்டு எட்டு வச்சாரு. பொறவு யாரோ கூப்பிட்டாப்ல அருவிப் பக்கம் திரும்பினாரு."

அருவியில் போனவர்கள் எப்படியும் கீழே சிற்றாற்றில் ஏதாவது ஓர் அணைக்கட்டில் ஒதுங்குவார்கள். ஆற்றோரம் முழுக்கத் தேடினார்கள். பேரருவிக்கு நடுவில் பொங்குமாங்கடல் என்று ஒரு பள்ளம் இருக்கிறது, மேலிருந்து விழும் தண்ணீர் அதில் பாய்ந்து பொங்கித்தான் கீழே வரும். அதன் ஆழம் இவ்வளவு என்று சொல்ல ஆளில்லை. அதற்குள் போயிருப்பார் என்று சிலர் சொன்னார்கள். மலையாளம் பேசுகிற ஆள், மலையைத் தாண்டிக் கொல்லத்துக்குப் போயிருப்பான், அங்கே ஒரு குடும்பம் இருக்கும் என்று வாய்க்கொழுப்பில் சொன்னவர்களும் உண்டு. கடிகாரத்தையும் செருப்பையும் விட்டுவிட்டு எவன் இன்னொரு குடும்பத்துக்குப் போவான் என்று நான் தெருவில் நின்று ஒருவரிடம் சண்டை போட்டேன்.

தாலுகா ஆபீசில் உடம்பில்லாமல் இறப்புப் பதிய முடியாது என்றார்கள். உயிரோடு இருப்பதாகவும் எழுத முடியாது. ஒரு குமாஸ்தா வெகுநேரம் யோசித்து, 'காணாமற்போனவர், குளிக்கையில்' என்று எழுதிக்கொண்டார். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அக்கா இத்தனை வருஷமாக இருக்கிறாள். கல்யாண வீடுகளில் குங்குமத் தட்டு வரிசையாக வரும். அவள் முன்னால் வந்ததும் தட்டைப் பிடித்திருக்கிற கை ஒரு நொடி நிற்கும். கொடுக்கலாமா கூடாதா என்று கொடுக்கிறவளுக்குத் தெரியாது. அந்த ஒரு நொடியை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தட்டைப் பிடுங்கி வீசலாம் போல இருக்கும்.

வருஷாவருஷம் அதே நாளில் அக்கா பேரருவிக்குப் போவாள். டிரங்குப் பெட்டியிலிருந்து அத்தானின் வேட்டி ஒன்றைக் காய்ந்த மடிப்பாக எடுத்துக்கொண்டு போவாள். குளித்து வருகிறவருக்கு மாற்று வேட்டி வேண்டுமே. பெண்கள் குளிக்கிற பக்கத்துப் பாறையில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, அருவிப் பக்கமே போகாமல் திரும்பி வருவாள். வேட்டி பிழிகிற ஈரத்தோடு இருக்கும். சாரல் என்று நான் சொல்வேன். அவள் அதைக் கொடியில் போடுவாள். அவள் சேலை மட்டும் காய்ந்திருந்த ஒரு வருஷமும் உண்டு.

அத்தான் போன வாரத்துப் பத்திரிகையைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமையும் அது வழக்கம்போல் கடைக்கு வந்தது. பனிக்கோளில் வான்மதி எழுந்திருக்கவில்லை. கூட வந்த விஞ்ஞானிகள் அவளைப் பனியிலேயே புதைத்துவிட்டு மேலே நடந்தார்கள்.

4

கல்யாணமாகி, இவரோடு இங்கே வருவதற்கு முன் விடைபெறத் தென்காசிக்குப் போயிருந்தபோது, அந்தக் கதை பைண்டு செய்யப்பட்டு அக்காவின் தலைமாட்டில் இருப்பதைப் பார்த்தேன். சிவப்புக் காலிகோ துணி, முதுகில் பெயர் கிடையாது. ஒரே மூச்சில் வாசிக்க உட்கார்ந்தேன்.

முதல் பாதி பனிக்கோள். வான்மதி பனிக்குள் விழுகிறாள், கண்கள் மூடுகின்றன. பக்கத்தைப் புரட்டினால், "வான்மதி கண் விழித்தாள். மேலே எங்கோ தண்ணீர் விழும் ஓசை கேட்டது" என்று இருந்தது. அதே மூக்கு, அதே கண். சுற்றிலும் குகைச் சுவர். எனக்கு முதுகில் சில்லென்றது. ஒரு நிமிஷம் கழித்துத்தான், இது ஏழு குகைக் கதையின் நடு அத்தியாயம் என்று உறைத்தது. பனிக்கோளின் மீதி எங்கேயும் இல்லை. குகைக் கதையின் தொடக்கமும் இல்லை. கடைசிப் பக்கத்திலும் தொடரும் என்றே இருந்தது.

பைண்டு செய்தவர் கட்டைக் கீழே போட்டுக் கலைத்துவிட்டார் என்று முடிவு செய்தேன். தேர் நிற்கிற தெருவில் கடை வைத்திருந்த பாய் அவர். அத்தான் ஆசையாகச் சேர்த்ததை இப்படிப் பாழாக்கிவிட்டாரே என்று, நாலு கேள்வி கேட்கச் செருப்பை மாட்டினேன். அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள்.

"பாயை ஒண்ணும் சொல்லாதட்டி. நான் அடுக்கிக் கொடுத்தபடிதான் தச்சாரு."

மாட்டிய செருப்பைக் கழற்றினேன்.

"அவ எந்திரிப்பான்னு சொல்லிட்டுப் போனாக. எந்திரிச்சிட்டால்லா" என்றாள் அக்கா. மீதிப் பக்கங்களைத் தனியாக எடுத்து வைத்திருப்பதாகவும், இரண்டு கதைக்கும் முடிவை அவள் படிக்கவில்லை என்றும் சொன்னாள்.

பித்துப் பிடித்துவிட்டதோ என்று அவளை உற்றுப் பார்த்தேன். அப்படி எதுவும் தெரியவில்லை. எனக்கு வழிக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள், புளியோதரைக்கு உப்புச் சரியாக இருந்தது. நான் ரயிலேறும்போது பிளாட்பாரத்தில் நின்று அவள் சொன்னது ஒன்றே ஒன்று.

"அவுகளுக்கு இன்னமும் முப்பதுதான். எனக்குத்தான் நரைச்சிக்கிட்டே வருது. வந்தா என்னய அடையாளம் தெரியுமாட்டி?"

வண்டி நகர்ந்துவிட்டது.

5

இந்த ஊரில் வருஷம் பூராவும் சாரல்தான். குற்றாலத்தில் இதற்காக எங்கிருந்தெல்லாமோ வந்து விடுதி எடுத்துத் தங்குவார்கள். இங்கே இதே தூறலைப் பார்த்து ஆளுக்கு ஆள் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறார்கள். வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மாள் "கொடுமையான நாள்" என்றபோது, யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தேன். அவள் மழையைச் சொன்னாள்.

மகளுக்குக் குற்றாலத்து அம்மன் பெயரை வைத்தோம், குழல்வாய்மொழி. பள்ளிக்கூடப் படிவத்தில் அவ்வளவு பெரிய பெயருக்குக் கட்டங்கள் போதவில்லை. எழுத வந்தவர் முதலெழுத்தை மட்டும் போட்டுக்கொண்டு, பிறகு பார்க்கலாம் என்றார். அந்தப் பிறகு வரவேயில்லை. பள்ளியில் அவள் பெயர் 'கே'. வீட்டில் குழலி என்று கூப்பிட்டால், தோழிகள் இருக்கும்போது திரும்ப மாட்டாள்.

சனிக்கிழமை காலைகளில் இருவரும் நகர நூலகத்துக்குப் போவோம். விஞ்ஞானக் கதைக்கென்று தனி அலமாரி, மாயக் கதைக்கென்று தனி அலமாரி. முதலில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். இப்போது இரண்டு அலமாரியும் முடிந்து, நூலக அம்மாள் எனக்காக வெளியூரிலிருந்து வரவழைக்கிறாள். எனவே இந்த வகைத் தொடர் நாவல்களைப் பற்றிக் கொஞ்சம் வாய்திறக்க எனக்கு உரிமை உண்டு.

எல்லாமே மூன்று பாகம், ஐந்து பாகம், ஏழு பாகம். முதல் பாகத்தை ஆசையால் எழுதுகிறார்கள். இரண்டாவதை முதல் பாகம் விற்றதால் எழுதுகிறார்கள். மூன்றாவதை ஏன் எழுதுகிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது. மாயக் கதை என்றால் முதல் பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கும். அதில் ஒரு சதுப்பு நிலம் வரைந்திருந்தால் கதாநாயகன் ஏதாவது ஒரு பாகத்தில் அதில் முழங்கால் புதைய நடந்தே தீருவான். எனக்கு வரைபடத்தைப் பார்த்ததுமே கால் வலிக்கும். விஞ்ஞானக் கதையில் வரைபடம் கிடையாது, ஆனால் யாருக்கும் சொந்தபந்தம் கிடையாது. ஒருவன் நாற்பது வருஷப் பயணம் கிளம்புகிறான், வாசலில் வழியனுப்ப ஒரு சித்தி கூட இல்லை.

இந்த எழுத்தாளர்களிடம் எனக்குப் பிடிக்காத பெரிய குணம், செத்தவர்களை எழுப்புவது. இரண்டாம் பாகத்தில் நான் கண்ணீர் விட்டு அடக்கம் செய்த ஆள் நான்காம் பாகத்தில் தாடியோடு வந்து நிற்பான். அப்படியானால் என் கண்ணீருக்கு என்ன மரியாதை? அந்த விதத்தில் பார்த்தால், நான் படித்தவர்களிலேயே யோக்கியமான ஆள் 'பனிக்கோள் யாத்திரை' எழுதியவர்தான். பட்டுப்புடவையோடு ராக்கெட்டில் ஏற்றினாலும், செத்தவளைச் செத்தவளாகவே விட்டார். இதை நான் அக்காவிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

இன்னொரு வகைக் கதை உண்டு. ஒருவன் வெளிச்சத்தின் வேகத்தில் நட்சத்திரத்துக்குப் போகிறான். அந்த வேகத்தில் போகிறவனுக்கு வயது ஏறாதாம், ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் ஏறுமாம். இது கணக்கில் சரிதான் என்று இவரும் சொல்கிறார். அவன் போன மாதிரியே முப்பது வயதில் திரும்பி இறங்குகிறான். ஊரில் அவன் மனைவி என்ன ஆனாள் என்று நான் பக்கம் பக்கமாகத் தேடுவேன்.

அக்கா இன்றும் பத்திரிகையின் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துக் கப்பல் தபாலில் அனுப்புகிறாள். அவற்றை வைத்துத்தான் குழலிக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஒருநாள் அவள், "அம்மா, தொடரும் ரொம்ப நிறைய எழுதுறார், டஸன்ட் ஹி கெட் டயர்ட்?" என்றாள். எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. ஒவ்வொரு கதையின் அடியிலும் தொடரும் என்று இருப்பதால், அதை எழுதியவரின் கையெழுத்து என்று நினைத்திருக்கிறாள். சிரித்துவிட்டு, திருத்தாமல் விட்டேன். திருத்தினால் அன்றைய பாடம் அத்தோடு போய்விடும்.

6

பெரியப்பாவுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். குளியலறைக்குப் போகவே பயமாக இருந்தது. குழலியைக் குளிப்பாட்டும் வேலையை இவரிடம் தள்ளிவிட்டேன். ஒருநாள் உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. "அம்மா, யு வான்ட் மீ?" என்றாள். நான் கூப்பிடவே இல்லை. இவரும் கூப்பிடவில்லை. அன்று இவரும் குழாய்க்குள் காற்று என்று சொல்லவில்லை.

அந்த வாரமே அக்காவின் கடிதம் வந்தது. அவள் பேசுகிற மாதிரியேதான் எழுதுவாள். பெரியப்பா உனக்கு எழுதியிருப்பார், நீயும் என்ன எழுதுவது என்று முழித்துக்கொண்டிருப்பாய், எனக்குத் தெரியும் என்று ஆரம்பித்திருந்தாள். நான் எவ்வளவோ புத்தகம் வாசிக்கிறேனாம், தனக்கு ஒன்றே ஒன்று மட்டும் தெரிய வேண்டும் என்றாள். நட்சத்திரத்துக்குப் போய்த் திரும்புகிறவனைப் பற்றி முன்பு நான்தான் அவளுக்கு எழுதியிருந்தேன்.

"அவன் திரும்பி வருதான்லா, அவன் பொண்டாட்டிய எப்படிப் பாக்கான்? அவளுக்கு நரைச்சிருக்குமே. அவன் என்ன சொல்லுதான்? அத மட்டும் எழுது. வேற ஒண்ணும் நீ சொல்ல வேண்டாம்."

ரயில்வே பிளாட்பாரத்தில் கேட்ட அதே கேள்விதான். இந்த முறை வண்டி நகரவில்லை.

பொய் எழுத ஆசையாக இருந்தது. அவன் அவள் தலையைத் தடவினான், பார்த்த உடனே தெரிந்துகொண்டான் என்று நானே ஒரு காட்சியை எழுதிவிடலாம். அவளுக்கு அது போதும், இன்னொரு மாமாங்கம் காத்திருப்பாள். குங்குமத் தட்டு இன்னொரு மாமாங்கம் அவள் முன்னால் வந்து நிற்கும்.

உண்மையை எழுதினேன். "அக்கா, இந்த வகையில் கிடைத்ததையெல்லாம் வாசித்துவிட்டேன். அந்தக் காட்சியை ஒருத்தரும் எழுதவில்லை. அவன் வந்து இறங்கும்போது அவள் எப்போதோ இறந்துபோயிருக்கிறாள், அது ஒரு வரியில் வந்துவிட்டுப் போய்விடுகிறது. அவளை உயிரோடு வைத்து, இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்த எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்குத் தெரிந்து அப்படி ஒரு பக்கம் கிடையாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காரியம் செய் என்றும் எழுதவில்லை, செய்யாதே என்றும் எழுதவில்லை.

தபால் பெட்டிக்குள் அதைப் போட்ட பிறகும் கை பெட்டியின் வாயிலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

7

பதில் ஒரு பொட்டலமாக வந்தது. உள்ளே பழுப்பேறிய பத்திரிகைத் தாள்கள் சில, மேலே ஒரு கடிதம். குழலியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன்.

"யாருமே எழுதாத பக்கத்துக்கு நான் எதுக்குட்டி இம்புட்டுக் காலம் காத்துக் கெடக்கணும்? பெரியப்பாட்ட நானே போய்ச் சொல்லிட்டேன். ஆத்தங்கரையில வச்சு முடிஞ்சிது. புல்லுல செஞ்ச உருவத்துக்கு அவுக வேட்டியத்தான் சுத்தினோம். பெட்டியில இருந்து காஞ்சதாத்தான் எடுத்துட்டுப் போனேன், ஆனா நனைஞ்சிருந்திது, நெருப்பே பிடிக்கல. ஐயர் ரெண்டு மூணு தடவை வச்சுப் பாத்தாரு. சாரல்னு நீ சொல்லுவ. அன்னைக்குச் சாரலே இல்ல.

"பொறவு நான் இந்த ரெண்டு கதையிலயும் கடைசித் தாள்ல இருக்கிற 'முற்றும்'ங்கிறத மட்டும் கத்திரிச்சு, அந்தப் புல்லுக்கு உள்ள வச்சேன். ஒடனே பிடிச்சிட்டு.

"உருவத்துக்கு மீசை வைக்கல. வைக்கட்டுமான்னு கேட்டாக, வேண்டாம்னு சொல்லிட்டேன். பந்தயத்துல தோத்துட்டாகள்லா.

"தாலிய நானே கழத்தி ஆத்துல விட்டேன். யாரையும் தொட விடல. முடிவு ரெண்டும் இதுல இருக்கு. நான் இன்னும் படிக்கல. நல்லா இருந்தா எழுது."

மீசை என்ற சொல்லைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அந்த இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.

பிறகு முடிவுகளை வாசித்தேன். பனிக்கோளிலிருந்து விஞ்ஞானிகள் ஊர் திரும்பி மாலை வாங்கிக்கொள்கிறார்கள், வான்மதியை ஒருவரும் நினைக்கவில்லை. ஏழு குகையில் வான்மதிக்குக் கல்யாணம், கிளி ஆசீர்வாதம் செய்கிறது. இரண்டும் மட்டமான முடிவுகள். அப்படியேதான் அக்காவுக்கு எழுதப்போகிறேன்.

இரண்டு தாளிலும் கடைசி வரிக்குக் கீழே சின்னச் சதுரமாக ஓர் ஓட்டை இருந்தது. குழலி ஒரு தாளைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்து, ஓட்டை வழியாக வெளியே பார்த்தாள். அங்கே தூறிக்கொண்டிருந்தது.

"அம்மா, தொடரும் எங்கே? ஹி இஸ் நாட் ஹியர்" என்றாள்.

"அவர் போயிட்டார்" என்றேன்.

"வில் ஹி கம் பேக்?"

இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பதில் அது. "வர மாட்டார் குழலி" என்று சொன்னேன். சொன்ன பிறகு வெகுநேரம் அழுதேன். அவள் பயந்துபோய்த் தாளை மடித்து என் கையில் வைத்தாள்.

அன்று சாயங்காலம் அவளைக் குளிப்பாட்ட நானே போனேன். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, துண்டை எடுக்கிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். தொட்டி நிரம்பி, குழலி "போதும்மா" என்று சொல்லும்வரை நின்றேன். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.